தட்டில் ஏறாத பெயர்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை மாணவர்க்குக் கற்பிப்போர் பலர் ஓரிடத்தில் அவசரப்படுவது உண்டு. மாதவியின் ஆடலை விரைந்து காட்டிவிட வேண்டும் என்னும் ஆர்வத்தில், அதற்கு முன் நிற்கும் நீண்ட பகுதியைப் பொருள் மட்டும் சொல்லிக் கடந்துவிடுவர். அப்பகுதியில்தான் ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. அவர்களோடு இளங்கோ நிறுத்தவில்லை. அரங்கை அளந்த கோலின் நீளம் இருபத்துநான்கு பெருவிரல் என்கிறார். அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். தூணின் நிழல் ஆடும் இடத்தில் விழாதவாறு விளக்கு வைக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறார். விளக்கின் இடம் பிழைத்தால் மாதவியின் முகத்தில் தூணின் நிழல் விழும். அவள் பாதி இருளில் ஆடியிருப்பாள். இதனை அறிந்த புலவர் விளக்கு வைத்தவனின் தொழிலுக்கும் காவியத்தில் ஓரடி இடம் தந்தார்.

பரிபாடலைப் பதிப்பில் புரட்டுவோர் இன்னொன்றைக் காணலாம். பாட்டின் அடிக்குறிப்பில் பாடிய புலவர் பெயர் இருக்கும். அதன் பக்கத்திலேயே இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் இருக்கும். பெட்டனாகனார், கண்ணாகனார், மருத்துவன் நல்லச்சுதனார் முதலியோர் அவ்வாறு அறியப்படுபவர்கள். அவர்கள் அமைத்த இசை ஒரு துளியும் இன்று இல்லை. ஆயினும் பெயர் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதோடு பெயர் சுட்டி எழுதி வைத்திருக்கிறது. திருப்பதியம் பாடிய நாற்பத்தெண்மரோடு உடுக்கை வாசித்தவனையும் கொட்டிமத்தளம் வாசித்தவனையும் சேர்த்து ஐம்பதின்மர் என்று கணக்கிட்டது இராசராசனின் ஆணை.

இத்தகைய பழக்கம் உடைய ஒரு மொழியில், கடந்த நூற்றாண்டில் தோன்றிய ஒரு கலைத்தொழில் மட்டும் பெயரின்றிப் போயிற்று. அது பாட்டைப் பதிவு செய்யும் தொழில். இவ்வுரையின் பொருள் அதுவே.

பழைய எழுபத்தெட்டுச் சுற்று இசைத்தட்டை எடுத்துப் பார்ப்போர் அதன் நடுவில் ஒட்டிய வட்டச் சீட்டைப் படிப்பர். கம்பெனியின் பெயர், பாட்டின் முதற்சொல், பாடியவர், சில தட்டுகளில் இராகமும் தாளமும். பதிவு செய்தவர் பெயர் அதில் இராது. அந்தச் சீட்டின் அச்சு அடுத்த நூறு ஆண்டுகளுக்கும் ஒரு வழக்கத்தை நிலைநிறுத்திவிட்டது.

1902ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டுகளைப் பதிவு செய்தார். கௌஹர் ஜான் பாட்டை முடிக்கும்போது தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். அது தற்பெருமை என்று இன்று கேட்போர் எண்ணக்கூடும். காரணம் வேறு. மெழுகில் பதிந்த பாட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று அங்கே தட்டுகளாக அச்சாயின. இந்திய மொழி ஒன்றும் அறியாத தொழிலாளர் எந்தத் தட்டு யாருடையது என்று கண்டுகொள்ளவே அந்தக் கூவல் என்பது இசைத்தட்டு வரலாற்றார் கூறுவது. பாடியவர் தம் பெயரைத் தொழிலாளருக்காகச் சொன்னார். அந்தத் தொழிலாளரின் பெயரைச் சொல்ல எந்தத் தட்டிலும் இடம் இருக்கவில்லை.

அக்காலத்தில் ஒலிவாங்கி கிடையாது. ஒரு பெரிய தகரக் கூம்பின் வாய்க்கு முன் நின்று பாட வேண்டும். குரலின் அழுத்தம் கூம்பின் வழியே சென்று ஒரு மெல்லிய தகட்டை அசைக்க, தகட்டோடு பொருந்திய ஊசி மெழுகில் கோடு கீறும். மின்சாரம் எதுவும் இடையில் இல்லை. மூன்று நிமிடத்திற்குச் சற்று மேல். அதற்குள் பாட்டு முடிய வேண்டும். பிழை நேர்ந்தால் மெழுகு வீண். ஒலிப்பதிவாளரின் கருவி அன்று அறையின் தரையே ஆகும். பாடகர் கூம்பை ஒட்டி, பிடில் சற்றுப் பின்னே, மிருதங்கம் இன்னும் தொலைவில் என்று ஒவ்வொருவரையும் அடி கணக்கில் நிறுத்துவது அவர் வேலை. மேல்சுரம் பாடும்போது பாடகரின் தோளைத் தொட்டுப் பின்னுக்கு இழுப்பதும், கீழ்சுரத்திற்கு முன்னுக்குத் தள்ளுவதும் உண்டு. தெளிவாக எழுந்த அக்காலத் தட்டு ஒவ்வொன்றிலும் இப்படித் தோளைத் தொட்ட ஒரு கை இருக்கிறது.

1925இல் மின்முறைப் பதிவு வந்தது. ஒலிவாங்கி கூம்பின் இடத்தைப் பிடித்தது. ஏறத்தாழ நொடிக்கு ஐயாயிரம் அதிர்வு வரையிலான ஒலிகள் தட்டில் பதியத் தொடங்கின. கூம்புத் தட்டுகளில் மழுங்கிக் கிடந்த சகரத்தின் சீறல் அப்போதுதான் காதுக்கு எட்டியது. கவிஞர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். எதுகையும் மோனையும் எழுத்தில் இருப்பவை. ஆனால் சகர மோனையின் பாதி ஒலி இரண்டு தலைமுறைத் தட்டுகளில் கேட்போர்க்கு வந்து சேரவில்லை.

தொல்காப்பியர் பிறப்பியலில், உந்தியிலிருந்து எழும் வளி தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைகொண்டு, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் பொருந்த எழுத்தாகும் வகையைக் கூறினார். ஒலிப்பதிவுக் கூடத்தில் அது நாள்தோறும் நடக்கும் செய்முறைப் பாடம். சொல்லின் முதலில் பகரம் வந்தால் இதழ் திறக்கும் விசையில் ஒரு காற்றுத் திரள் ஒலிவாங்கியின் மேல் மோதி 'தொப்' என்று வெடிக்கும். பக்கவாட்டில் சற்றுத் திரும்பி நின்று பாடும்படி ஒலிப்பதிவாளர் சொல்லுவார். அல்லது ஒலிவாங்கியையே இதழின் நேர்க்கோட்டிலிருந்து விலக்கி வைப்பார். சகரம் மிக நெருங்கினால் சீறும். மிக விலகினால் சொல்லின் விளிம்பு உடையும். மெல்லினம் மூக்கின் வழி வரும் ஆதலால் வாய்க்கு நேரே வைத்த ஒலிவாங்கிக்கு அது நழுவும். ஒரு பாட்டில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது என்று பாடகரின் உச்சரிப்பைப் புகழ்வோர், அப்புகழில் ஒரு பங்கு வல்லினத்தின் குணம் அறிந்து கருவியை விரல் அகலம் நகர்த்தியவருக்கு உரியது என்பதை அறிவதில்லை. இலக்கணப் புலவர்கள் இவர்களோடு ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் பிறப்பியலுக்கு இன்னுமோர் உரை கிடைத்திருக்கும்.

ஒலிவாங்கி குரலின் இயல்பையே மாற்றியது. எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோர் ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடிப் பழகியவர்கள். 1933இல் கிட்டப்பா மறைந்தார். இருபது ஆண்டுகள் கழித்து ஏ. எம். ராஜா போன்றோரின் மென்குரல் தமிழகம் முழுதும் பரவியது. கொட்டகைக் காலத்தில் அக்குரல் மூன்றாம் வரிசையைத் தாண்டியிருக்காது. இரண்டிற்கும் இடையில் நேர்ந்தது இசை இலக்கணத்தின் மாற்றம் அன்று. ஒலிவாங்கிக்குப் பின்னால் ஒருவர் வந்து அமர்ந்ததே. மெல்லப் பாடலாம் என்று ஆனதும் மெல்ல எழுதலாம் என்றும் ஆயிற்று. திரைப்பாடலில் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் மொழி தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். பாட்டெழுதிய கவிஞர்களைப் பற்றி ஆராய்ச்சி ஏடுகள் குவிந்துள்ளன. அவற்றில் இச்செய்தி பெரும்பாலும் இடம்பெறவில்லை.

பின்னணிப் பாடல் என்பதே ஒலிப்பதிவாளர் தந்த கொடை. 1935இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் படமான 'பாக்ய சக்ர'வில் பாட்டைத் தனியே பதிவு செய்து நடிப்போடு பொருத்தும் முறையைக் கையாண்டவர்களுள் ஒலிப்பதிவாளர் முகுல் போஸ் முதன்மையானவர். இயக்குநர் நிதின் போஸின் தம்பி. தமிழில் 1938இல் ஏ. வி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்தில் லலிதா வெங்கடராமன் பின்னணி பாடினார் என்பது வரலாற்று நூல்களில் தவறாமல் வரும் செய்தி. அதனைப் பதிவு செய்தவர் யார் என்னும் வினாவை அந்நூல்கள் எழுப்புவதில்லை. ஒலிப்பதிவாளர்களில் பெயர் நிலைத்தவர் தின்ஷா கே. தெஹ்ரானி. அவர் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் எழுந்த நியூடோன் ஸ்டூடியோவை நிறுவியவர்களுள் ஒருவர். கூடத்தின் உரிமையில் பங்கு இருந்தால் பெயரும் இருக்கும் போலும்!

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சென்னைக் கூடங்களில் பாட்டுப் பதிவு நடந்த முறையை இன்றைய இளைஞர் நம்புவது கடினம். பாடகர், நாற்பது ஐம்பது வாத்தியக்காரர், அனைவரும் ஒரே நேரத்தில் வாசிக்க, பாட்டு முழுமையும் ஒரே மூச்சில் பதிவாகும். பிறகு திருத்த வழி இல்லை. மூன்றாம் நிமிடத்தில் ஒரு வயலின் பிசகினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒலிப்பதிவாளர் கண்ணாடிச் சுவருக்கு இப்பால் அமர்ந்து, பாட்டு ஓடும்போதே ஒவ்வொரு திருகையும் ஏற்றி இறக்குவார். பல்லவிக்குக் குரல் மேலே, இடையிசைக்குப் புல்லாங்குழல் மேலே, சரணத்தின் முதற்சொல் விழுமுன் குழல் கீழே. இந்த ஏற்ற இறக்கத்தை அவர் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். ஆகவே அவரும் அக்குழுவில் ஒரு வாத்தியக்காரர். அவர் வாசித்தது எல்லா வாத்தியத்தையும்.

'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் போட்டியிட்டு வரும் பாட்டை அறியாத தமிழர் குறைவு. எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசை. நாகசுரம் திறந்த வெளியில், தேரோடும் வீதியில், கால் மைல் தொலைவுக்குக் கேட்கப் பிறந்த கருவி. ஜானகியின் குரல் அதற்கு எதிரில் பட்டு நூல். ஓரறையில் இரண்டையும் அப்படியே கேட்டால் குரல் இருந்த இடம் தெரியாது. எம்முறையில் பதிவு செய்திருப்பினும், இரண்டையும் தராசின் இரு தட்டில் நிகராக நிறுத்தியது பொறியாளரின் செவியாகும். 'குரலா நாகசுரமா என்று பிரிக்க முடியவில்லை' என்பது அறுபது ஆண்டுகளாக அப்பாட்டுக்கு வழங்கும் பாராட்டு. பிரிக்க முடியாதபடி செய்தவர் பாராட்டில் இல்லை.

விருதுகளின் வரலாறும் இதையே சொல்கிறது. சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருது 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து வழங்கப்பட்டது. முதலில் பெற்றவர் 'கந்தன் கருணை'க்காகக் கே. வி. மகாதேவன். அடுத்த ஆண்டில் பாடலாசிரியருக்கான முதல் விருது 'குழந்தைக்காக' படத்திற்காகக் கண்ணதாசனுக்கும், பின்னணிப் பாடகிக்கான முதல் விருது 'உயர்ந்த மனிதன்' படத்திற்காகப் பி. சுசீலாவுக்கும் கிடைத்தன. மூன்று முதல் விருதும் தமிழுக்கு வந்தன என்பது பெருமைக்குரியது. ஒலிப்பதிவுக்கான விருதோ 1976இல்தான் தோன்றியது. பின்னாளில் தமிழ்ப் படங்கள் அதனையும் ஈட்டின: 'தேவர் மகன்' (1992) படத்திற்காக என். பாண்டுரங்கன், 'மகாநதி' (1993) படத்திற்காக எச். ஸ்ரீதரும் கே. எம். சூரியநாராயணனும், 'காதலன்' (1994) படத்திற்காக ஏ. எஸ். லட்சுமி நாராயணனும் வி. எஸ். மூர்த்தியும். இவ்விருது படம் முழுவதின் ஒலிக்கு உரியது. உரையாடல், மழை, காலடி எல்லாம் அதில் அடக்கம். 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து அது மூன்று பிரிவாகப் பிரிந்தபோதும் பாட்டைப் பதிவு செய்பவர்க்கெனத் தனியே ஒன்று அமையவில்லை. அமெரிக்காவின் கிராமி விருதில் 1959இல் நடந்த முதல் விழாவிலேயே ஒலிப்பொறியாளருக்கு இடம் இருந்தது. பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகளைப் பதிவு செய்த ஜெஃப் எமரிக் அவ்வாறு விருதும் பெற்றார், நூலும் எழுதினார்.

எச். ஸ்ரீதரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுவது தகும். 1992இல் 'ரோஜா' வந்தபோது சிற்றூர்த் தேநீர்க் கடைகளில்கூட ஒலியின் புதுமையை மக்கள் உணர்ந்தனர். பாட்டின் அடியில் தாழ்ந்த ஒலிகள் தெளிவாக நின்றன. குரலைச் சுற்றி வெளி இருந்தது. அப்புதுமைக்கு ஏ. ஆர். ரகுமானின் பெயர் ஒன்றே வழங்கியது. அப்பெயருக்கு அது முற்றும் உரியதே. ஆனால் அவ்வொலியைக் கலந்து நிறுத்திய கைகளுள் முதன்மையானது ஸ்ரீதருடையது. 'மகாநதி', 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' என நான்கு முறை தேசிய விருதில் பங்கு பெற்றவர். 2008 டிசம்பர் முதல் நாள் சென்னையில் மறைந்தார். ரகுமானின் ஒலிநாடா, குறுந்தகட்டு உறைகளில் வாத்தியக்காரர் பெயரும் பொறியாளர் பெயரும் சிறு எழுத்தில் அச்சேறின. தமிழ்ப் பாட்டுலகில் அது புதிய நாகரிகம். உறையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் படித்த மாணவர்கள் அக்காலத்தில் இருந்தனர். உறையே மறைந்து பாட்டு கைப்பேசிக்குள் வந்த பிறகு, திரையில் தோன்றுவது பெரும்பாலும் இரண்டு மூன்று பெயர்களே. எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டின் சீட்டு மீண்டும் வந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவு ஒன்றின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர். 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துவோர்க்கு உரிமை தந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் விட்டுக்கொடுக்கவியலாத பங்குத்தொகை பெற வழி செய்தது. கவிஞர்கள் அதனை வரவேற்றது இயல்பு. நிகழ்த்துவோர் யார் யார் என்று சட்டம் தரும் பட்டியலில் நடிகர், பாடகர், வாத்தியக்காரர், ஆடுவோர், கழைக்கூத்தாடி, செப்படிவித்தைக்காரர், பாம்பாட்டி ஆகியோர் உளர். சொற்பொழிவு ஆற்றுவோரும் உளர். ஒலிப்பொறியாளர் இலர். பாம்பாட்டிக்கு இடம் தந்ததில் யாருக்கும் மனக்குறை இருக்க முடியாது. மகுடியைப் பதிவு செய்பவர் எங்கே என்பதே கேள்வி.

ஓர் எதிர்வாதம் உண்டு. கருவியை இயக்குவது தொழில், கலை ஆகாது, அச்சுக் கோப்பவரைக் கவிதைக்குப் பங்காளி ஆக்கலாமா என்பர். அச்சுக் கோப்பவர் ஒரு சொல்லை மாற்றினால் அது பிழை. ஒலிப்பதிவாளரோ மாற்றாமல் இருக்கவே முடியாது. எவ்வளவு நெருக்கம், எவ்வளவு எதிரொலி, எந்த வாத்தியம் முன்னே, எது நிழலில் என்று ஒவ்வொன்றிலும் அவர் ஒரு முடிவு எடுக்கிறார். அந்த முடிவே கேட்போரிடம் பாட்டாக வந்து சேர்கிறது. ஆனாலும் எல்லாப் பெருமையும் அவருக்கே என்று சொல்வது மிகை. மெட்டில் உயிர் இல்லையேல் எந்தத் திருகும் உயிர் தராது.

சென்னையின் கூடங்களை விட்டுத் திண்டுக்கல் சமவெளிக்கு வருவோம். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கம் பிறந்த மண் இது. அவர் 1962இல் மறைந்தார். அவர் தொப்பியின் கும்காரம் இன்று கிடைப்பது வானொலிப் பதிவுகளிலும் தனியார் ஒலிநாடாக்களிலும்தான். திருச்சி வானொலி 1939இல் தொடங்கியது. கச்சேரி முடிந்ததும் பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று பக்கவாத்தியம் வரை அறிவிப்பாளர் பெயர் சொல்லுவார். இடக்கை மிருதங்கக்காரருக்காக ஒலிவாங்கியை இடம் மாற்றி வைத்தவர் பெயர் அறிவிப்பில் வாராது. பின்னாளில் கொடைக்கானல் மலைமேல் எழுந்த பண்பலை நிலையம் 100.5 என்னும் எண்ணைத் தென்மாவட்டத்து வீடுகளின் வாய்ப்பாடாக்கியது. பண்பலை நேர்க்கோட்டில் செல்வது. மலையின் உயரமே அதற்குப் பல மாவட்டத்து வாசல். சமவெளியில் பூக்கட்டுவோரும் தறி நெய்வோரும் அறிவிப்பாளரின் குரலை உறவினர் குரல்போல் அறிந்தனர். மழை மூட்டத்தில் இரவெல்லாம் பரப்பியைக் காத்தவர்களை அறிந்தாரில்லை.

இன்னும் அருகில் இருப்பவர் மைக்செட்டுக்காரர். கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவிலும், சின்னாளப்பட்டி, நிலக்கோட்டை, வேடசந்தூர் வட்டாரத்து ஊர்க் கொடைகளிலும், மரத்தின் உச்சியில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டி, இசைத்தட்டுப் பெட்டியோடு கொட்டகையின் ஓரத்தில் அமர்ந்திருந்தவர். கூம்பு எத்திசை நோக்க வேண்டும், காற்று மேற்கிலிருந்து வீசினால் எந்த ஊர் வரை கேட்கும், பறையும் உறுமியும் முழங்கும்போது எதை அடக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு நூலின்றி வந்த அறிவு. சிற்றூர்களில் பலர் முதன்முதல் கேட்ட பாட்டு அவர் தேர்ந்து போட்ட பாட்டு. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்னும் அடைவையும் ஊரின் சுவை அறிந்து அவரே வகுத்தார், ஒருவகையில் தொகையாசிரியர். கவியரங்க மேடைகளில் கவிஞர் தாழ்குரலில் தொடங்கி உச்சத்தில் முடிப்பார் என்பதை நான்காம் கவிஞருக்குள் கண்டுகொண்டு, கைதட்டலுக்கு முன்பே திருகைக் குறைத்து வைத்தவரும் அவரே. தலைவர் நன்றி சொல்லும்போது 'ஒலிபெருக்கி அமைத்தவர்க்கும்' என்ற தொடர் வரும். பெயர் வருவதில்லை.

அவர்களுள் மூத்தவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். சிலர் கடையை மூடிவிட்டனர். சிலருடைய தட்டுகள் எடைக்குப் போயின. பரிபாடலின் இசை அழிந்தபின் பெயராவது மிஞ்சியது. இங்கே பெயர் முதலில் அழிகிறது. வட்டத்தின் உறுப்பினர்கள் ஆளுக்கோர் ஊரை எடுத்துக்கொண்டு, ஒலிபெருக்கி நடத்தியவர், வானொலி நிலையத்தில் பணி செய்து ஓய்வு பெற்றவர், சிறு ஒலிப்பதிவுக் கூடங்களில் பக்திப் பாடலும் கும்மிப் பாடலும் பதிவு செய்தவர் ஆகியோரைச் சந்தித்து, அவர்கள் இசைந்தால் பெயரையும் தொழில் நுணுக்கத்தையும் அவர்கள் சொற்களிலேயே எழுதி வாங்கலாம். கலைச்சொல் அகராதிக்கும் அதில் பயன் உண்டு. 'குரல் காய்ஞ்சிருக்கு', 'ஒலி மூக்கடைச்சிருக்கு' என்று அவர்கள் வழங்கும் சொற்களுக்கு நிகரான துல்லியம் எந்த அகராதியிலும் இல்லை. நாட்டுப்புறப் பாடல் தொகுக்கச் செல்வோர் பாடியவர், ஊர், வயது என்று குறிக்கும் தாளில் 'பதிவு செய்தவர்' என்று ஒரு வரியைச் சேர்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. வரும் மாசித் திருவிழாவுக்குள் முதல் பத்துப் பேரைக் கண்டு எழுதிவிடலாம். கொட்டகைக்கு ஓரத்தில், கம்பிச் சுருளின் பக்கத்தில் அவர்கள் அமர்ந்திருப்பார்கள்.